கோலிக்குண்டுத் தட்டு, தகரப் பொறி, பாட்டில் பொறி: பாலைத் தூசியைப் பிடிக்க எது நல்லது?

பாலை நிலத்தில் தூசி அளக்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் விலை விசாரிப்பது பி.எம். 10 மீட்டரைத்தான் (10 மைக்ரான் வரையிலான தூசியை அளப்பது; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த நிமிடம் காற்றில் எவ்வளவு தூசி மிதக்கிறது என்று அது சொல்லும். அதில் எவ்வளவு கீழே இறங்கி அங்கேயே தங்குகிறது என்று சொல்லாது. ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு எத்தனை கிராம் படிகிறது, அது பக்கத்து ஏரிப்படுகையிலிருந்து வந்ததா, தொலைவிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி என்றால், தூசியையே பிடித்துக் கையில் தரும் கருவி வேண்டும். அந்த வகையில் அதிகம் புழங்குபவை மூன்று: கோலிக்குண்டு நிரப்பிய தட்டு, பி.எஸ்.என்.ஈ. (பிக் ஸ்பிரிங் நம்பர் எய்ட்) என்ற தகரப் பொறி, எம்வாக் (மாடிஃபைடு வில்சன் அண்ட் குக்) என்ற பாட்டில் பொறி. மூன்றுக்குமே மின்சாரம் வேண்டாம். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. தட்டு, மேலிருந்து இறங்கும் தூசியைப் பிடிக்கிறது. மற்ற இரண்டும் கிடைமட்டமாகப் பறந்து போகும் தூசியைப் பிடிக்கின்றன. இதைக் கவனிக்காமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நட்டால் ஓராண்டு உழைப்பு வீண்.

தங்கும் தூசியை அளக்க, செலவையும் சேர்த்துப் பார்த்தால், கோலித் தட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதனால் இங்கே அதைப் பற்றித்தான் அதிகம்.

கோலித் தட்டின் அமைப்பு

இஸ்ரேலின் நெகெவ் பாலையில் செவ்வக பிளாஸ்டிக் தட்டில் இரண்டு அடுக்குக் கோலி பரப்பி அளக்கிறார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் வடிவம் வேறு. தெற்கு நெவாடாவிலும் கலிஃபோர்னியாவிலும் 1984-இல் நடத் தொடங்கி, 55 இடங்கள் வரை விரிந்து, 1999 வரை தொடர்ந்த வேலை அது. அதில் பயன்பட்டது நடுவில் குழாய் உள்ள சாதாரண கேக் தட்டு. நான்ஸ்டிக் பூச்சு, விளிம்பிலிருந்து 3 முதல் 4 செ.மீ. கீழே கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை, வலை மேல் கண்ணாடிக் கோலிகள், வெளிப்புறம் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட், இதையெல்லாம் சுமார் 2 மீட்டர் உயரத்தில் தாங்கும் இரும்பு வேலிக்கம்பம். தட்டின் குறுக்கே ‘ப’வைக் கவிழ்த்தது போல வளைத்த இரண்டு தகரப் பட்டைகள், அவற்றின் மேல்புறம் காயாத பசை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நான்ஸ்டிக் பூச்சு துருப்பிடிக்காது, உப்போடு வினைபுரியாது. உரிந்து விழுந்தாலும் அதில் கனிமம் எதுவும் இல்லை என்பதால் மாதிரி கெடாது. கறுப்புப் பெயிண்ட் வெயிலை வாங்கி, மழைநீரைச் சீக்கிரம் ஆவியாக்கும். நீர் தேங்கி வழிந்தால் முதலில் போவது களித்துகளும் கரைந்த உப்பும்தான். தூசி எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவை அந்த இரண்டும். 2 மீட்டர் உயரம் எதற்கு என்றால், தரையை ஒட்டித் துள்ளி வரும் மணல் பெரும்பாலும் அந்த உயரத்துக்கு ஏறாது. பசை தடவிய பட்டை பறவைகளுக்காக. செடிகூட இல்லாத வெளியில் 2 மீட்டர் கம்பம் நின்றால் எல்லாப் பறவையும் அங்கேதான் வந்து உட்காரும்.

தட்டு வாங்கும்போது அடி கழன்று வருகிற வகையை வாங்கவே கூடாது. கேக்கை எடுக்க அது வசதி; மழை பெய்தால் இடுக்கு வழியாக மாதிரி ஒழுகிவிடும். ஒரே துண்டாகச் செய்ததுதான் வேண்டும். 25 செ.மீ. விட்டமுள்ள தட்டில் 16 மி.மீ. கோலிகளை இரண்டு அடுக்காகப் பரப்ப 350 முதல் 400 வரை தேவைப்படும். ஒரு கோலி ஐந்து கிராமுக்கு மேல் இருக்கும்; ஆக வலை தாங்க வேண்டிய எடை சுமார் 2 கிலோ. மெல்லிய வலை ஒரு கோடையிலேயே நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்தால் கோலிமட்டம் விளிம்புக்குக் கீழே போகும், அங்கே காற்று சுழலும், படிந்த தூசி மறுபடி கிளம்பும். தடித்த கம்பி வலையை வெட்டி, ஓரத்தை மடித்து இறுக்கமாகப் பொருத்துவதே நல்லது.

புதுக் கோலிகளை அப்படியே போட வேண்டாம். உரசலில் வந்த கண்ணாடிப் பொடி ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, குழாய் நீரில் கழுவி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை முக்கி எடுத்த பிறகே போட வேண்டும். கீறலும் சில்லும் உள்ள கோலிகளைப் பொறுக்கி ஒதுக்கிவிடலாம். தூசியில் துத்தநாகம் போன்ற நுண்தனிமங்களை அளக்கும் திட்டம் இருந்தால் ஜி.ஐ. வலை ஆகாது, அதன் பூச்சே துத்தநாகம்தான். அங்கே நைலான் வலை, அதைத் தாங்க அடியில் பிளாஸ்டிக் வளையம்.

கோலி எதற்கு?

வெறும் தட்டை வைத்தால் என்ன என்று தோன்றும். வெறும் தட்டில் விழும் தூசியை அடுத்த காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். கோலிகளுக்கு இடையே இறங்கிய தூசியைக் காற்று தொட முடியாது. மழை வந்தால் அது வலையைத் தாண்டி இன்னும் கீழே கழுவப்படும். இந்தக் கருவியின் சிறப்பே, பாலைத் தரையில் நடப்பதை அது அப்படியே செய்து காட்டுகிறது என்பதுதான்.

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலையில் சிமா எரிமலைப் பரப்பு இதற்கு நல்ல சான்று. அங்கே எரிமலைக் குழம்பு உறைந்து பசால்ட் பாறையாகக் கிடக்கிறது. மேலே கற்கள் நெருக்கமாகப் பாவிய தரை. ஒரு கல்லைப் பெயர்த்தால் அடியில் கல்லே இல்லாத மென்மையான வண்டல் மண், உள்ளே சிறுசிறு குமிழ்த் துளைகளோடு. அந்த மண்ணில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது. பசால்ட்டில் குவார்ட்ஸ் கிடையாது. பாறை மக்கி வந்த மண் அது இல்லை, காற்று கொண்டுவந்து போட்டது. காற்று நுண்மண்ணை அரித்துப் போனதால் கற்கள் மட்டும் மிச்சம் நின்றன என்பது பழைய விளக்கம். நிலவியலாளர்கள் மெக்ஃபேடன், வெல்ஸ் ஆகியோரின் குழு 1987-இல் அதைத் தலைகீழாக்கியது: தூசி கற்களுக்கு இடையே விழுகிறது, மழையில் அடியில் போய்ச் சேர்கிறது, நனைந்து விரிந்து, காய்ந்து வெடித்து, கற்களை மெல்ல மெல்ல மேலே தூக்குகிறது. 1995-இல் கற்களில் விண்கதிர்களால் உருவான ஹீலியம்-3 அளவைப் பார்த்தபோது, அவை தொடக்கத்திலிருந்தே மேற்பரப்பில்தான் இருந்திருக்கின்றன என்று உறுதியானது. புதைந்து கிடந்து பிறகு வெளிப்பட்ட கற்களாக இருந்தால் அந்த அளவு வந்திருக்காது.

ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் தங்கினால் ஆயிரம் ஆண்டுக்கு 10 கிலோ. மண்ணின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,400 கிலோ என்றால் 7 மி.மீ. கனம். பத்தாயிரம் ஆண்டுக்கு 7 செ.மீ. கல்லைப் பெயர்த்தால் அடியில் தெரியும் வண்டல் படலம் எப்படி வந்தது என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை.

மாதிரி எடுப்பதும் அதில் வரும் பிழைகளும்

இதே 10 கிராம் கணக்கு தட்டுக்குள் எவ்வளவு என்று பார்த்தால்தான் வேலையின் நுட்பம் புரியும். 25 செ.மீ. தட்டின் வாய்ப்பரப்பு 0.049 சதுர மீட்டர். ஓராண்டு முழுக்கக் காத்திருந்து கிடைப்பது அரை கிராம். ஒரு பறவை எச்சம் அதைவிட அதிக எடை இருக்கலாம். அதனால்தான் பட்டையில் உள்ள பசையை அலட்சியப்படுத்தக் கூடாது. மணல் ஒட்டி அது செயலிழந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை போகும்போதும் பார்த்து, சுரண்டி, மறுபடி தடவ வேண்டும். தடவும்போது ஒரு சொட்டுகூடக் கோலி மேல் விழக் கூடாது. நடுக்குழாயின் பரப்பைக் கழிக்க மறப்பதும் சாதாரணமாக நடக்கிறது. குழாய் 5 செ.மீ. விட்டம் என்றால் அது மொத்தப் பரப்பில் 4 சதவீதம். கழிக்காவிட்டால் முடிவு அந்த அளவு குறைவாக வரும்.

எடுக்கும் முறை: கோலி, வலை, தட்டு மூன்றையும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கழுவிவிட வேண்டும். கோலிகளைக் கைநிறைய அள்ளித் தேய்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வலைக்கூடையில் வைத்து நீரைப் பீய்ச்சினால் போதும். தேய்த்தால் கண்ணாடி உதிரும். இலை, பூச்சி, விதை ஆகியவற்றை இடுக்கியால் எடுத்து, அவற்றில் ஒட்டிய தூசியையும் அதே கிண்ணத்தில் கழுவிவிடலாம். பிறகு சுமார் 35 டிகிரியில் பொறுமையாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு 105 டிகிரி அடுப்பில் வைத்தால் ஜிப்சத்தில் உள்ள நீர் வெளியேறிவிடும். உப்பு ஏரிகள் உள்ள பகுதியில் ஜிப்சம் முக்கியமான தடயம். எடைபோட 0.001 கிராம் காட்டும் தராசாவது வேண்டும்.

தட்டின் குறை ஒன்று பெரியது. காற்று வேகம் கூடக் கூட அதன் பிடிப்புத்திறன் குறைகிறது. விளிம்பில் மோதும் காற்று மேல்நோக்கி வளைவதால், நுண்தூசி இறங்காமல் தாண்டிப் போய்விடும். அதே இடத்தில் நீர் நிரப்பிய தட்டு வைத்தால் கோலித் தட்டைவிட அதிகம் பிடிக்கும். ஆனால் பாலையில் நீர் தட்டில் எத்தனை நாள் நிற்கும்? கோலித் தட்டின் எண்ணை உண்மையான படிவின் கீழ்வரம்பு என்று எடுத்துக்கொண்டு, ஒரே வடிவத் தட்டுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் நேர்மை. கவிழ்த்த ஃப்ரிஸ்பீ வடிவத் தட்டு காற்றை இதைவிடக் குறைவாகக் கலைக்கும். கோலித் தட்டில் கிடைக்கும் நீண்டகாலத் தரவு மட்டும் அதற்கு இல்லை.

தூசி கிளம்பும் இடத்திலேயே தட்டை நடுவதும் வீண். சாட் நாட்டின் போடெலே பள்ளம் போன்ற இடங்களில் புயலின்போது மணலே தட்டின் உயரத்தைத் தாண்டிப் பறக்கும். அங்கே படிவு என்று ஒன்று நிற்பதில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அடுத்த இரண்டு பொறிகள்.

பி.எஸ்.என்.ஈ. தகரப் பொறி

டெக்சஸ் மாநிலம் பிக் ஸ்பிரிங் ஊரில் உள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் உருவாகி, 1986-இல் ஆய்வாளர் ஃப்ரையியர் வெளியிட்ட வடிவம். ஜி.ஐ. தகடுதான். முன்புறம் 2 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்தில் ஒரு வாய், பின்புறம் வால்தகடு. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வால்தகடு வாயை அந்தப் பக்கம் திருப்பிவிடும். உள்ளே நுழைந்த காற்று விரிந்து வேகம் தளரும், மண் அடித்தட்டில் விழும், காற்று மட்டும் மேலே உள்ள நுண்வலை வழியாக வெளியேறும்.

வாய் சரியாக 10 சதுர செ.மீ. என்பதால் கணக்கு சுலபம்: உள்ளே 1 கிராம் இருந்தால், அந்த உயரத்தில் சதுர மீட்டருக்கு 1 கிலோ பறந்திருக்கிறது. ஒரே கம்பத்தில் தரையோடு ஒட்டித் தொடங்கி 1 மீட்டர் அல்லது அதற்கு மேல் வரை நான்கைந்து பொறிகளை மாட்டி, உயரம் கூடக் கூட எடை எப்படிக் குறைகிறது என்று வரைபடம் போட வேண்டும். ஒரே ஒரு பொறி மாட்டினால் எதுவும் தெரியாது. கீழ்ப் பொறி நிரம்பி வழியும், மேல் பொறி காலியாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பொருள்.

மணலுக்கு இது அருமையான கருவி. 90 சதவீதம் அளவுக்குப் பிடிக்கும், காற்று வேகம் மாறினாலும் அந்தத் திறன் பெரிதாக மாறாது. நுண்தூசிக்கு அப்படியில்லை. 10 மைக்ரானுக்குக் கீழே வந்தால் பாதிக்கும் குறைவு. மேல் வலை வழியாகக் காற்றோடு தப்பிவிடும். தூசிக் கணக்குக்கு இதை நம்பி வாங்குபவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பராமரிப்பில் தொல்லை தருவது சுழலும் அச்சுதான். மணல் புகுந்து இறுகினால் பொறி ஒரே திசையைப் பார்த்து நின்றுவிடும், வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காக இருப்பது போலவே தெரியும். ஒவ்வொரு முறையும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும்; தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும். எண்ணெய் போட்டால் மணல் இன்னும் ஒட்டும், உலர்ந்த கிராஃபைட் பொடி நல்லது. மேல் வலையை மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்யாவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல், வாயிலேயே திரும்பிவிடும்.

எம்வாக் பாட்டில் பொறி

வில்சன், குக் ஆகியோர் 1980-இல் செய்த வடிவத்தின் திருத்தம். சிறிய பிளாஸ்டிக் பாட்டில், மூடியில் இரண்டு துளை, காற்று வர ஒரு கண்ணாடிக் குழாய், போக ஒன்று. உள்விட்டம் 8 மி.மீ. அளவு. பாட்டிலைப் படுக்கை வாட்டில் அல்லது செங்குத்தாக, வால்தகடு உள்ள கம்பத்தில் மாட்ட வேண்டும். இரண்டே குழாய், ஒரு பாட்டில் என்பதால் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். ஆய்வாளர்கள் கூஸன்ஸும் ஆஃபரும் 2000-இல் பல பொறிகளைக் காற்றுச் சுரங்கத்தில் ஒப்பிட்டபோது நுண்தூசியை அதிகம் பிடித்தது இதுதான்.

குறை, வாய் மிகச் சிறிது என்பது: வெறும் அரை சதுர செ.மீ., பி.எஸ்.என்.ஈ. வாயில் இருபதில் ஒரு பங்கு. மிதமான காற்றில் எடைபோட முடியாத அளவே சேரும். சிலந்தியும் சிறு குளவியும் குழாயை அடைத்துவிடும். மணல் அதிகம் பறக்கும் இடத்தில் கண்ணாடிக் குழாயின் விளிம்பு தேய்ந்து, வாயின் பரப்பு மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேலிப்பரில் அளந்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும். பாட்டில் கால்வாசிக்கு மேல் நிரம்ப விடக் கூடாது.

பிடித்த தூசி எங்கிருந்து வந்தது?

எடை மட்டும் போட்டு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான். சுமார் 20 மைக்ரானுக்குக் கீழான துகள்களைக் காற்று நேரடியாகப் பிய்த்தெடுப்பது கடினம். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றுக்கு எளிதில் கிளம்புவது 75 முதல் 100 மைக்ரான் அளவுள்ள மணல். அது துள்ளி வந்து மோதும்போதுதான் நுண்தூசி சிதறி மேலேறுகிறது. ஆகவே தூசி வரும் இடத்தைத் தேடும்போது நுண்மண் எங்கே என்று மட்டும் பார்க்காமல், அதன் அருகே மணல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரி இப்படித்தான். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு நீர் கொண்டுபோகும் கால்வாய் 1913-இல் முடிந்தது. 1920-களில் ஏரி வற்றியது. உப்புப் பொருக்கின் மேல் மணல் ஓடி அதை உடைக்க, அமெரிக்காவின் மிகப் பெரிய தூசி ஊற்றுகளில் ஒன்றாக அந்தப் படுகை மாறியது.

கோலித் தட்டு மாதிரியில் முதலில் அளக்க வேண்டியது கரையும் உப்பும் கார்பனேட்டும். இரண்டும் அதிகமாக இருந்தால் வறண்ட ஏரிப்படுகையைச் சந்தேகிக்கலாம். மலையடி வண்டல் விசிறியிலிருந்து (மலை ஓடைகள் கொண்டுவந்து விசிறி போலப் பரப்பிய மண்) வந்த தூசியில் இவை குறைவு. சுண்ணாம்புப் பாறை மலையின் விசிறி மட்டும் விதிவிலக்கு, அதில் கார்பனேட் எப்படியும் இருக்கும். அடுத்து துகள் அளவு. மணலும் ஒரு பகுதி வண்டலும் (இங்கே வண்டல் என்பது மணலைவிடச் சிறிய, களியைவிடப் பெரிய துகள்) உள்ளூர்ச் சரக்கு. களியும் மீதி வண்டலும் தொலைவிலிருந்து வந்திருக்கலாம். அதனால் மொத்த எடையை ஒரே எண்ணாகச் சொல்லாமல், 50 மைக்ரான் சல்லடையில் மணலைப் பிரித்து, வண்டலும் களியும் சேர்ந்த எடையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

நெவாடா, கலிஃபோர்னியா முடிவுகள் அப்படித்தான் வெளியாயின. 1995-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் ரெஹைஸும் கீலும் சொன்ன எண்கள்: தெற்கு நெவாடாவிலும் தென்கிழக்குக் கலிஃபோர்னியாவிலும் வண்டலும் களியும் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 4.3 முதல் 15.7 கிராம் வரை, தென்மேற்குக் கலிஃபோர்னியாவில் 30 கிராம் வரை. பரப்புக்குப் பரப்பு பார்த்தால் ஏரிப்படுகையும், ஓடைகள் மண் பரப்பிய வண்டல் நிலமும் ஏறக்குறைய ஒரே அளவு தூசிதான் தருகின்றன. ஆனால் வண்டல் நிலத்தின் பரப்பு மிகப் பெரிது, ஆகவே மொத்தத் தூசியில் பெரும்பகுதி அங்கிருந்து. வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும் உப்புப் படுகையைப் பார்த்து எல்லாப் பழியையும் அதன் மேல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டுமானம் நடக்கும் பாலை ஊர்களில் படிவு இரட்டிப்பு வரை போனது, வேலை நின்றதும் குறைந்தது. மழை வந்த ஆண்டிலும் வராத ஆண்டிலும் இரண்டு ஊற்றுகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு அருகிலேயே இருக்கும் ஏரிப்படுகையில் உப்பு ஊறிவந்து மேல்மண்ணைப் பொசபொசவென்று ஆக்கும். நீர் ஆழத்தில் உள்ள படுகையோ களிமண் இறுகிக் கல்லாகக் கிடக்கும், யாரும் வண்டி ஓட்டி உடைக்காதவரை தூசி அதிகம் வராது. ஓராண்டு மாதிரியை வைத்து ஊற்றைத் தீர்மானிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

யாருக்கு எது?

மண் எப்படி உருவாகிறது, சோலார் தகடுகளைச் சுற்றி ஆண்டுக்கு எவ்வளவு படிகிறது என்ற கேள்விகளுக்குக் கோலித் தட்டு. ஓர் இடத்தில் ஒன்று போதாது, குறைந்தது இரண்டு. ஒன்றைப் பறவை கெடுத்தாலும் மற்றது இருக்கும். வயல் அரிப்பு, மணல் நகர்வு என்றால் பி.எஸ்.என்.ஈ. வரிசை. மணல் குறைவாகவும் நுண்தூசி அதிகமாகவும் பறக்கும் இடத்தில் எம்வாக், எடைபோட முடியாத அளவு சிறிது என்று தோன்றினால் ஒரே உயரத்தில் மூன்று பாட்டில் மாட்டி, மூன்றையும் சேர்த்து எடைபோடலாம். எதை நட்டாலும் இறுக்கமாக மூடிய இன்னொன்றையும் அதே கம்பத்தில் ஆண்டு முழுக்க விட்டுவைத்து, அதையும் இதே மாதிரி கழுவி, உலர்த்தி, எடைபோட வேண்டும். கண்ணாடிப் பொடி, கழுவிய நீரின் எச்சம், பெயிண்ட் துகள் எல்லாம் அதில்தான் தெரியும். அந்த எடையை ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் கழித்துவிட்டு மீதியை எழுதலாம்.